பாமினி ஏன் இன்னும் போகவில்லை?

பாமினி என்பது கணினியில் தமிழ் தட்டும் ஒரு பழைய எழுத்துரு. அது ஏன் இன்னும் நம் அச்சகங்களை விட்டுப் போகவில்லை என்பதை வயலிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறப்பதற்கு முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, எத்தனை மாத நெல் விதைப்பது, மாடுகளை எப்போது வட்டையை, அதாவது வயல்வெளியை, விட்டு அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கே முடிவாகும். முடிவானதை வட்டையின் பொறுப்பாளரான வட்டவிதானை பார்த்துக்கொள்வார். மூன்றரை மாத நெல் என்று தீர்மானித்த வட்டையில் ஒருவர் மட்டும் நாலு மாத நெல்லை விதைத்தால் என்ன ஆகும்? அது நல்ல விளைச்சல் தரும் இனமாகவே இருக்கலாம். ஆனால் கதிர் முற்றும் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. அயலெல்லாம் வெட்டி முடிந்தபின் பச்சையாக நிற்கும் அந்த ஒரு வயலுக்கே குருவியும் அறக்கொட்டியான் பூச்சியும் வந்து சேரும். வெட்டு மெசினும் ஒரு துண்டுக் காணிக்காகத் திரும்பி வராது. நெல்லின் தரம் ஒன்று. அதை விதைத்தவருக்குக் கிடைக்கும் பயன் இன்னொன்று. இரண்டாவது அயலார் எதை விதைத்தார்கள் என்பதிலேயே தங்கியிருக்கிறது.

சந்தையில் ஒரு தொழில்நுட்பம் நிலைப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். புதிதாக ஒருவர் சேரும்போது ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் பயன் கூடினால் அதை வலையமைப்பு விளைவு என்கிறார்கள். சேர்ந்த பிறகு வெளியேறுவதற்கும் ஒரு செலவு உண்டு: பணம், பழகிய கை, சேர்த்துவைத்த கோப்புகள், கூட இருக்கும் ஆட்கள். மாறுவதால் வரும் நன்மையை விட அந்தச் செலவு பெரிதாகிவிட்டால் இருந்த இடத்திலேயே கட்டுண்டு போகிறோம். இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பசளையும் விதைநெல்லும் கடனாகத் தந்த வியாபாரிக்கே அறுவடை நெல்லைக் கொடுக்க வேண்டியிருப்பதும் கட்டுண்ட நிலைதான். ஆனால் அதில் வலையமைப்பு எதுவும் இல்லை, கடன் கொப்பி மட்டுமே இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் ஒரு தொழில்நுட்பம் தலைமுறை தாண்டியும் அசையாமல் நிற்கிறது.

ஐந்து பேரிடம் தொலைபேசி இருந்தால் அவர்களுக்குள் 10 சோடித் தொடர்புகள் உண்டு. நூறு பேரிடம் இருந்தால் 4,950. ஆட்கள் இருபது மடங்கு கூடத் தொடர்புகள் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு கூடுகின்றன. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொபர்ட் மெட்காஃபின் பெயரால் சொல்லப்படும் கணக்கு இது. எல்லாத் தொடர்புகளையும் சமமாக மதிப்பது அதன் குறை. ஏறாவூரில் இருக்கும் ஒரு தாய்க்கு உலகத்தில் இருநூறு கோடிக்கு மேற்பட்டோர் வாட்ஸ்அப்பில் இருப்பது பெரிய விஷயமல்ல. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் எதில் இருக்கிறான் என்பதுதான் விஷயம். மகன் துபாயில் என்றால், அங்கே வாட்ஸ்அப் குரல் அழைப்பு முடக்கப்பட்டிருப்பதால், அந்த நாட்டில் அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலி தாயின் போனிலும் ஏறிவிடும். ஏறாவூர் வீட்டில் எந்தச் செயலி இருக்க வேண்டும் என்பதை அமீரகத்தின் தொலைத்தொடர்பு விதி தீர்மானிக்கிறது!

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தபோது உலகெங்கும் பெருந்தொகையானோர் சிக்னலையும் டெலிகிராமையும் தரவிறக்கினார்கள். அவர்களில் பலரால் வாட்ஸ்அப்பை அழிக்க முடியவில்லை. பாடசாலைக் குழு அங்கே, மீன் வியாபாரியின் குழு அங்கே, குடும்பத்தின் குழு அங்கே. தனி ஆளாக வெளியேறுவது எளிது. எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு வெளியேறுவதுதான் முடியாத காரியம், ஏனென்றால் அதற்கென்று ஆரம்பக் கூட்டம் வைக்கிறவர் யாருமில்லை.

இன்னொரு வகை விளைவு நேரடியாக ஆட்களால் வருவதில்லை, துணைப் பொருட்களால் வருகிறது. வீடியோ டெக் காலத்தில் சொனியின் பீட்டாமாக்ஸ் 1975இல் வந்தது, ஜேவிசியின் விஎச்எஸ் 1976இல். முதலில் வந்த பீட்டாமாக்ஸ் கசெற்றில் ஒரு மணி நேரம்தான் பதியலாம், விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். வேறு நிறுவனங்களும் விஎச்எஸ் டெக் செய்ய ஜேவிசி தாராளமாக இடம் கொடுத்தது. டெக் பெருகியதால் வாடகைக் கடையில் விஎச்எஸ் கசெற் பெருகியது, கசெற் பெருகியதால் டெக் வாங்குகிறவர்கள் விஎச்எஸ்ஸையே கேட்டார்கள். 1988இல் சொனியே விஎச்எஸ் டெக் விற்கத் தொடங்கியது. நம் உழவு மெசின் (டிராக்டர்) கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சம்மாந்துறைப் பக்கமோ அக்கரைப்பற்றுப் பக்கமோ ஒருவர் மெசின் வாங்கப் போனால் குதிரைவலுவைக் கேட்பதற்கு முன் பார்ட்ஸ் கிடைக்குமா, திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்றுதான் விசாரிப்பார். விதைப்புக் காலத்தில் ஒரு வாரம் மெசின் கராஜில் கிடந்தால் போகமே போய்விடும். மெசி பெர்குசனுக்குப் பழகிய மெக்கானிக்மார் இருப்பதால் மெசி பெர்குசன் விற்கிறது, அது விற்பதால் அதற்குப் பழகிய மெக்கானிக்மார் உருவாகிறார்கள். இதில் யாருடைய மடமையும் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குச் சரியானதைத்தான் செய்கிறார்.

பொருளியலாளர்கள் இதை எழுதத் தொடங்கியபோது எடுத்த உதாரணம் ஆங்கில விசைப்பலகை. கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கி, ரெமிங்டன் நிறுவனம் 1870களில் விற்ற தட்டெழுத்துப் பொறியின் எழுத்து வரிசைதான் இன்றும் நம் மடிக்கணினியில் இருக்கிறது. ஓகஸ்ட் துவோராக் 1936இல் காப்புரிமை பெற்ற வரிசை அதைவிட வேகமானது என்று சொல்லப்பட்டும் சந்தை மாறவில்லை. முதலில் வந்தது நிலைத்தது, சிறந்தது தோற்றது என்று 1985இல் பால் டேவிட் இதை எடுத்துக்காட்டினார். தொடக்கத்தில் நடக்கும் சிறு தற்செயல்கள் எப்படி முழுச் சந்தையையும் ஒரு பக்கம் சாய்த்துவிடும் என்பதை 1989இல் பிரையன் ஆர்தர் கணித வடிவில் காட்டினார். 1990இல் லீபோவிட்ஸும் மார்கோலிஸும் எதிர்த்து எழுதினார்கள். துவோராக் வரிசை சிறந்தது என்பதற்கான சான்றே பலவீனமானது, அமெரிக்கக் கடற்படைச் சோதனையில் துவோராக்குக்கே பங்கு இருந்தது, 1956இல் அரசு செய்வித்த சோதனையில் அந்த மேன்மை தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதனால்தான் ஆங்கில விசைப்பலகையை விட்டுவிட்டு, நம் அச்சகங்களில் கண்முன்னே இருக்கும் உதாரணத்துக்கு வருகிறேன். அதில் இழப்பு எது என்று வாதாடத் தேவையில்லை, காட்டலாம்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஓர் அச்சகத்துக்கு அல்லது தட்டச்சு செய்து கொடுக்கும் கொமினிகேசன் கடைக்குப் போய் ஒரு திருவிழா நோட்டீஸ், ஒரு மரண அறிவித்தல், ஒரு பாடசாலை மலர் செய்யக் கொடுத்துப் பாருங்கள். பல இடங்களில் அது இன்றும் பாமினி எழுத்துருவில்தான் தட்டப்படுகிறது. பாமினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பிரச்சினை விளங்கும். ‘தமிழ்’ என்று தட்ட ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். கணினி தன் நினைவில் வைப்பதும் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். ‘ஜே’ வரும் இடத்தில் ‘த’ என்ற உருவத்தை வரைந்து காட்டு என்று எழுத்துரு சொல்கிறது, திரையில் தமிழ் தெரிகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல் மிஞ்சும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழ் என்று ஒன்றுமே இல்லை.

அந்த விசை வரிசை எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளமையில் மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கினார். பின்னர் தட்டெழுத்து நிலையங்களில் நிலைபெற்ற வரிசையில் நடுவரி ய, ள, ன, க என்று தொடங்கும். கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்திலும் பாடசாலை அலுவலகத்திலும் வேலை தேடிய ஒரு தலைமுறை விரல் நோக அதைப் பழகியது. கணினி வந்தபோது பாமினியின் நடுவரியும் அதே ய, ள, ன, க. ஆகவே பழைய விரல்கள் புதிய பெட்டியில் நேரடியாக ஓடின. எழுத்துருக் கோப்பு கையோடு கையாக, பிளொப்பியில், சிடியில் பரவியது. பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் ஓடியது. பத்திரிகையும் அச்சகமும் வெளிநாட்டு உறவினரும் பாமினியில் கோப்பு அனுப்பினார்கள். தட்டெழுத்து படிக்கப் போகிற பிள்ளை எந்த வரிசையைப் படிக்கும்? வேலை எந்த வரிசையில் இருக்கிறதோ அதைத்தான். அச்சகம் எந்த வரிசையை வைத்திருக்கும்? பிள்ளைகள் எதில் தட்டுகிறார்களோ அதைத்தான்.

மாற்று இல்லாமலா இருந்தது? உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யுனிகோட் தன் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு யுனிகோட் தமிழ் தெரிந்தது. சென்னையில் 1999இல் நடந்த இணைய மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகையை அடிப்படையாகக் கொண்டு எஸ்எல்எஸ் 1326 என்ற தரம் 2008இல் வந்தது. தரம் வந்தது என்பதற்காக ஒரு முதலாளி தன் அச்சகத்தை மாற்றிவிட முடியாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதில் யுனிகோட் தமிழ் ஒழுங்காக வராது. இந்திய மொழிகளை முறையாகக் கோக்கும் வசதி அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனுக்கு 2012இன் சிஎஸ்6 பதிப்பில்தான் கிடைத்தது. அதை வாங்கினால் கணினியையும் புதிதாக வாங்க வேண்டும், கோர்ப்பவர் புதிதாகப் பழக வேண்டும், போன வருட மலரின் கோப்பைத் திருத்தி இந்த வருட மலர் செய்யும் வழக்கம் நின்றுபோகும். கலியாண அழைப்பிதழ் அவசரத்தில் நிற்கும் கடைக்காரருக்கு யுனிகோட் என்ன தரும்? தாளில் அடித்த பிறகு இரண்டும் ஒரே தமிழ்தான். செலவு அவருக்கு, பயன் பத்து வருடம் கழித்து அந்த மலரில் ஒரு பெயரைத் தேடப்போகும் யாரோ ஒருவருக்கு. கட்டுண்ட நிலையின் நடுப்புள்ளி இதுதான் என்பது என் கருத்து. மாறாதவரைக் குறைசொல்வதில் பயனில்லை, செலவும் பயனும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன.

அப்புறம் எது அசைத்தது? அரச தரமும் அறிவுரையும் அல்ல, கைத்தொலைபேசி. பாமினி எழுத்துருவை ஒவ்வொருவருடைய போனிலும் ஏற்ற வழியில்லை. 2010களின் தொடக்கத்தில் போன்களில் யுனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியதும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலிகள் பரவியதும், தட்டெழுத்து நிலையத்துக்கே போகாத ஒரு புதுக் கூட்டம் தமிழில் எழுதத் தொடங்கியது. அவர்களுடைய விரல்களுக்கு மறக்க வேண்டிய பழைய வரிசை எதுவும் இல்லை. பழைய கோட்டையை யாரும் இடிக்கவில்லை. அதற்கு வெளியே பெரிய ஊர் ஒன்று எழும்பிவிட்டது. தரத்தால் வெல்ல முடியாத இடத்தில் புதிய களத்தால் வெல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் ஒரு வழி திறந்தது. அதைச் செய்தவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி பாமினியில் உள்ள பந்தியை ஒட்டியதும் யுனிகோட்டாக்கித் தந்தது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருட்கள் அதைவிட நுட்பமான ஒன்றைச் செய்தன. விரல்கள் பாமினி வரிசையிலேயே தட்டலாம், ஆனால் கணினியில் பதிவது யுனிகோட். விரலின் பழக்கத்தையும் கோப்பின் உள்ளடக்கத்தையும் பிரித்துவிட்டார்கள். நாம் ஒரே பூட்டு என்று நினைத்தது உண்மையில் இரண்டு பூட்டுகள். திறக்கக் கடினமானது விரல், தீங்கு செய்வது கோப்பு. விரலைத் தொடாமலே கோப்பை விடுவிக்க முடிந்தது. தட்டெழுத்தாளர் ஒருவர் நாற்பது வயதுக்குப் பிறகு புது வரிசை பழக வேண்டும் என்று கேட்பது கொடுமை. இந்த மென்பொருட்கள் அப்படிக் கேட்கவில்லை.

யுனிகோடும் இதே விதிக்கு உட்பட்டதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழின் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டும், ‘க்’ என்ற அடிப்படை எழுத்தை ‘க’வும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகளில் வைப்பது மொழியின் இயல்புக்கு முரண் என்று பலர் வாதிட்டார்கள். அப்படி அமைந்த டேஸ்16 குறியாக்கத்தை 2010இல் தமிழ்நாட்டு அரசு யுனிகோடுக்குத் துணையான தரமாக அறிவித்தது. வாதத்தில் சாரம் இருந்தாலும் உலகம் அசையவில்லை. எல்லாப் போனும் எல்லா உலாவியும் எல்லாத் தேடுபொறியும் ஏற்கெனவே யுனிகோடில் இருந்தன. பாமினியை விட்டு வெளியேறிய நாங்கள் இன்னொன்றில் கட்டுண்டுதான் இருக்கிறோம். வித்தியாசம் பெரியது: இது யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரம், ஒரு நிறுவனத்தின் மென்பொருள் நின்றால் கோப்பும் நின்றுபோகும் நிலை இதில் இல்லை. கட்டுப்படாமல் வாழ முடியாது. எதற்குக் கட்டுப்படுகிறோம் என்பதில்தான் தெரிவு இருக்கிறது.

இந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்த ஓர் இடமும் நாட்டில் உண்டு. ஒவ்வொரு வங்கியும் தன் கியூஆர் குறியைக் கடைக்காரரின் மேசையில் ஒட்டியிருந்தால், காத்தான்குடிக் கடையொன்றில் வாடிக்கையாளர் எந்த வங்கி என்று கேட்ட பிறகுதான் கணக்குத் தீர்க்க முடியும். மத்திய வங்கி லங்காகியூஆர் என்ற ஒரே தரத்தை வைத்து 2020இல் நாடு முழுவதும் அதைப் பரப்பப் புறப்பட்டது. ஒரு குறி போதும், எந்த வங்கியின் செயலியிலும் செலுத்தலாம். சரி, பரவுமா என்பது வேறு கேள்வி. வாடிக்கையாளர் கேட்காததால் கடைக்காரர் வைப்பதில்லை, கடைக்காரர் வைக்காததால் வாடிக்கையாளர் கேட்பதில்லை. சில்லறை இலாபத்தில் ஓடும் கடைக்குக் காசுத் தாளில் கட்டணம் இல்லை. இந்த முதல் முடிச்சு அவிழ நாளெடுக்கும். ஆனால் அவிழ்ந்தபின் எந்த ஒரு நிறுவனத்தின் பிடியிலும் கடைக்காரர் இருக்க மாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறைவேற்றிய டிஜிட்டல் சந்தைச் சட்டம் வாட்ஸ்அப் போன்ற பெரிய சேவைகள் மற்றச் சேவைகளோடு செய்தி பரிமாற வழிவிட வேண்டும் என்று சொல்வதும் இதே நோக்கத்தில்தான்.

என்னை உறுத்துவது இனி வருகிறவை அல்ல, ஏற்கெனவே பூட்டிக் கிடப்பவை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் 1990களிலிருந்து வந்த கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிவாசல் நினைவிதழ்கள், பாடசாலைப் பவளவிழா மலர்கள், கூத்துப் பிரதிகள், கண்ணகி வழக்குரைப் பாடல்களின் மறுபதிப்புகள், போரிலும் 2004 சுனாமியிலும் போனவர்களுக்காக அடித்த நினைவு மலர்கள். இவற்றில் எத்தனையோ பாமினியில் கோக்கப்பட்டவை. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. அது செய்யும் வேலை அளப்பரியது. ஆனால் வருடிய பக்கம் ஒரு படம். அதற்குள் ஒரு ஊரின் பெயரைத் தேட வேண்டுமானால் எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும். அந்த எழுத்து ஏற்கெனவே தட்டப்பட்டு அச்சகத்தின் பழைய வன்தட்டில் கிடக்கிறது, தமிழ் என்று எந்தத் தேடுபொறிக்கும் தெரியாத உருவத்தில்.

இன்று குரலைக் கேட்டுத் தட்டும் செயலியும் மொழிபெயர்க்கும் செயலியும் இணையத்தில் உள்ள யுனிகோட் தமிழை வைத்தே தமிழைக் கற்கின்றன. பாமினியில் கிடக்கும் பக்கம் அவற்றுக்கு வெறும் குப்பை. ஆகவே வட்டை என்றும், அவணம், மரைக்கால் என்ற நெல் அளவைகள் என்றும் எழுதிய நம் மனிதர்களின் தமிழ் அவற்றின் காதில் விழுவதில்லை. அந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடக்கூட, அவற்றுக்குத் தெரிந்த தமிழே பொதுத் தமிழாக நிலைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இது வலையமைப்பு விளைவின் அடுத்த சுற்று, அதில் நம் பக்கத்து எழுத்து இன்னும் சேரவே இல்லை.

செய்ய வேண்டிய வேலை பெரிய தொழில்நுட்ப வேலையல்ல. அச்சகத்தில் பழைய கணினியைக் கழிப்பதற்கு முன் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து உரையை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மாற்றியில் போட வேண்டும். பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பந்தியின் நடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும். கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் இடங்களும் வரும். மலரை வெளியிட்ட கோயில் நிர்வாகத்திடமும் பாடசாலையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். புதிதாக மலர் அடிக்கக் கொடுக்கிறவர்கள் தாளோடு யுனிகோட் உரைக் கோப்பையும் கேட்டு வாங்கலாம், வேலை கொடுக்கும்போதே விலையில் அதையும் சேர்த்துப் பேசிக்கொண்டால் கடைக்காரருக்கும் நட்டமில்லை. பழைய வன்தட்டுகள் உப்புக்காற்றில் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்பதைப் பொறுத்தே இந்த வேலைக்கு நேரம் இருக்கிறது.